தொலைந்த கார் சாவி: நகல் கடையா, பூட்டுக்காரரா, டீலரா?

டர்பனில் கார் சாவியைத் தொலைத்தவர்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். சாட்ஸ்வொர்த்தில் கோயில் வாசலில் நின்றாலும் இதே பேச்சு: டீலர் அநியாய விலை சொல்கிறார், இன்ன கடையில் மலிவு. நான் கேட்பது வேறு. தொலைந்த சாவி நாளை யார் கையிலாவது சிக்கினால், அதைக் கொண்டு வண்டியைக் கிளப்ப முடியுமா?

சாவித் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்தான் அதற்கு மின்சாரம் ஊட்டி, "நீ யார்?" என்று கேட்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். ரிமோட் பேட்டரி தீர்ந்துபோன பிறகும் வண்டி கிளம்புவது இதனால்தான்.

நகல் கடையில், உங்களிடம் மிச்சமிருக்கும் சாவியைப் படித்து, அதே அடையாளத்தைப் புதிய சிப்பில் எழுதித் தருகிறார்கள். வண்டியைக் கொண்டுபோகக்கூடத் தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான். ஒன்றை மட்டும் நீக்கு என்றால் அதற்குப் புரியாது. எதுவும் தொலையாமல் உபரிச் சாவி ஒன்று வேண்டும் என்பவருக்கு இது தாராளமாகப் போதும். திருட்டுக் கொடுத்தவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். புதிய வண்டிகள் பலவற்றின் சிப்பை இப்படி நகலெடுக்கவும் முடியாது.

வண்டி நிற்கும் இடத்துக்கே வரும் பூட்டுக்காரர் வேறு வகை. ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள சோதனைத் துளையில் கருவியைச் செருகி, பழைய சாவிகளை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிட்டுப் புதியதைப் பதிவு செய்கிறார். விவரம் தெரிந்தவராக இருந்தால், "வீட்டில் மிச்சமிருக்கும் சாவி எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் அக்கா" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார். அழித்த பிறகு, அந்த நேரத்தில் அங்கே இல்லாத சாவி செத்த சாவிதான். வேலை முடிந்ததும் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று கருவியின் திரையில் காட்டச் சொல்லுங்கள்; பல வண்டிகளில் எண்ணிக்கை தெரியும். எல்லாச் சாவியும் போய்விட்டால் என் வாக்கு இவருக்கே, வண்டியை இழுத்துப் போகும் செலவு மிச்சம். ஒரு நிபந்தனை: தென்னாப்பிரிக்காவின் 2001ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் பூட்டு வேலையையும் பாதுகாப்புச் சேவையாகவே கணக்கிடுகிறது. அவருடைய பதிவு அட்டையைக் கேட்கத் தயங்காதீர்கள். அவரும் உங்கள் அடையாள அட்டையையும் வண்டிப் பதிவுச் சான்றிதழையும் கேட்க வேண்டும். கேட்காதவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். நாளை உங்கள் வண்டிக்கு வேறொருவர் சாவி கேட்டாலும் அவர் செய்து கொடுப்பார்.

டீலரிடம் காசும் காத்திருப்பும் அதிகம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்கு வேறு வழி பார்ப்பதில் அர்த்தமில்லை. புதிய ஃபோல்க்ஸ்வாகன்களில் நிறுவனத்தின் கணினியோடு இணைந்தால்தான் சாவி பதிவாகும். போலோ நம் நாட்டின் கரியெகா நகரிலேயே உற்பத்தியாகிறது என்பதற்காக மறுநாளே சாவி கைக்கு வந்துவிடாது, வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வரவழைக்கும் சாவி அது. 1990களின் இறுதியில் வந்த சில டொயோட்டாக்களிலோ கறுப்புத் தலைச் சாவிதான் தலைமைச் சாவி. சாம்பல் தலைச் சாவி வண்டியை ஓட்டும், ஆனால் அதை வைத்துப் புதிய சாவியைச் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட வண்டியில் கறுப்பு தொலைந்தால் செலவு எக்கச்சக்கமாக ஏறும்.

எந்த வழியானாலும், பணம் கட்டும் முன் காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டுங்கள். சாவி இழப்புக்கு ஒரு வரம்பு வரை ஈடு தரும் பத்திரங்கள் உண்டு. இணையத்தில் மலிவாக விற்கும் பழைய சாவிகளை வாங்காதீர்கள். ஒரு வண்டியோடு பூட்டப்பட்ட சிப் பெரும்பாலும் இன்னொன்றுக்கு உதவாது.

சிப்பை அழித்தாலும் பழைய சாவியின் இரும்பு அப்படியேதான் இருக்கும். எஞ்சினைக் கிளப்பாது, கதவைத் திறக்கும். சும்மா தொலைந்திருந்தால் நான் கதவுப் பூட்டை மாற்ற மாட்டேன். வீட்டு முகவரி இருக்கும் கைப்பையோடு திருடுபோயிருந்தால் மாற்றிவிடுவேன்.