கண்ணசைவுப் பதிவுக் கருவி: வாசிப்பு ஆய்வில் சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கண்ணசைவுக் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஆய்வு பக்கத்தைப் பற்றியதா, சொல்லைப் பற்றியதா? விளம்பரத்தில் படத்தை முதலில் பார்க்கிறார்களா, விலையை முதலில் பார்க்கிறார்களா என்று அறிவதற்கு விநாடிக்கு 60 முறை பதியும் மலிவான கருவியே போதும். வாசிப்பு வேறு கதை. கண் வரியின்மேல் சீராக நகர்வதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. நிற்பது சராசரியாக 200 முதல் 250 மில்லி விநாடி. தாவல் 30 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. சாதாரண வெப்கேமரா இரண்டு படம் எடுப்பதற்குள் கண் அடுத்த சொல்லுக்குப் போய்விடும்.

எங்களிடம் இருப்பது விநாடிக்கு 1000 முறை பதியும் மேசைக் கருவி. அகச்சிவப்பு ஒளியைக் கண்மேல் பாய்ச்சி, கண்பாவையின் மையத்தையும் கார்னியாவில் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில்) தெறிக்கும் ஒளிப்புள்ளியையும் கேமரா பின்தொடர்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவிலிருந்து பார்வை விழும் இடம் கணக்கிடப்படுகிறது. வாசிப்பவர் தாடையைத் தாங்கியில் வைத்து, திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும் ஒன்பது புள்ளிகளைப் பார்க்க வேண்டும். கருவியை அவர் கண்ணுக்கு ஏற்ப அளவுதிருத்தும், காலிப்ரேஷன் என்னும் இந்தச் சடங்கில் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

கருங்கண்களில் கருவி சரியாக வேலை செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அகச்சிவப்பு ஒளியில் அடர்பழுப்புக் கருவிழியும் வெளிர்சாம்பலாகத் தெரியும். நடுவில் பாவை கறுப்பாகத் துலங்கும். உண்மையான வில்லன் கண்மை. இமையோரத்தில் தீட்டிய மையையும் பாவையோடு சேர்த்துக் கருவி கறுப்பென்று எடுத்துக்கொள்கிறது. மையம் கீழே இழுக்கப்படுகிறது. பங்கேற்பாளர்களுக்கு அனுப்பும் குறிப்பில் 'கண்மை வேண்டாம்' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுகிறோம். மூக்குக்கண்ணாடி அடுத்த தொல்லை. கண்ணாடியில் தெறிக்கும் ஒளி கார்னியாப் புள்ளியின்மேல் விழுந்தால் பதிவு குதிக்கும். கேமராவைச் சற்றுச் சாய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரட்டைக் குவியக் கண்ணாடி அணிந்தவர்களிடம் அதுவும் பலிப்பதில்லை.

விளம்பரத் தாளில் 'பிழை அரைப் பாகைக்குள்' என்று அச்சடித்திருப்பார்கள். பாகை என்பது இங்கே பார்வைக் கோணத்தின் அளவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரை 70 செ.மீ. தள்ளி இருந்தால் அரைப் பாகை என்பது திரையில் சுமார் 6 மி.மீ. வரிகளை நெருக்கி அடுக்கினால், மூன்றாம் வரியை வாசித்தவர் நான்காம் வரியை வாசித்ததாகப் பதிவாகிவிடும். அதனால் பத்திகளைத் தாராளமான வரி இடைவெளியோடுதான் காட்டுகிறோம். ஒவ்வொரு பத்திக்கும் முன் ஒரு புள்ளியைக் காட்டிப் பதிவு நழுவியிருக்கிறதா என்று பார்க்கிறோம். விளக்கு வெளிச்சமும் மாறக்கூடாது. பாவை சுருங்கி விரிந்தாலே கணக்கிட்ட இடம் சற்று நகர்ந்துவிடும்.

தமிழ் உரைக்கு வரும்போது தனித் தலைவலி. ஆங்கில ஆய்வுகளில் ஒரு தாவலுக்கு 7 முதல் 9 எழுத்து, பார்வை வீச்சு (கண் நிற்கும்போது பயன்படும்படி எட்டும் பரப்பு) இடப்பக்கம் 3, 4 எழுத்து, வலப்பக்கம் 14, 15 எழுத்து என்று எழுத்துக் கணக்கிலேயே எல்லாம் ஓடும். வலமிருந்து இடமாக எழுதும் எபிரேயத்தில் இந்த வீச்சு இடப்பக்கமாகத் திரும்புகிறது என்று 1981-இல் காட்டினார்கள். நம் எழுத்தில் அகலத்தில் 'ர' எங்கே, 'ணௌ' எங்கே! எழுத்தை எண்ணுவதில் பொருளில்லை என்பதால் நாங்கள் தூரத்தைப் பாகையில் அளக்கிறோம். 'கொ' என்ற எழுத்தைக் கொம்பு, உடல், கால் என்று மூன்றாக வெட்டிப்போடும் மென்பொருளும் உண்டு. அதனால் சொல் எல்லைகளை நாங்களே கையால் வரைந்து தருகிறோம். 'வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல்லில் கண் ஒருமுறை நின்று நகர்வது அபூர்வம்.

தாடைத்தாங்கி வலிக்கிறது என்று முனகுபவர்களிடம் வாசிப்பு ஆய்வின் முன்னோடியான உளவியலாளர் எட்மண்ட் ஹ்யூயி கதையைச் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அவர் கண்ணை மருந்தால் மரத்துப்போகச் செய்து, அதன்மேல் பாரிஸ் சாந்துக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதோடு இணைத்த அலுமினிய முள்ளால் அசைவைப் பதிந்தார். அதன் பிறகு யாரும் முனகுவதில்லை.

கருவி சொல்லாத ஒன்று உண்டு: வாசித்தவருக்குப் புரிந்ததா என்பது. ஒரு சொல்லில் அரை விநாடி நின்றவர் பொருள் தேடினாரா, மதியச் சாப்பாட்டை நினைத்தாரா என்று பதிவு காட்டாது. சில வாக்கியங்களுக்கு ஒருமுறை எளிய கேள்வி வைக்காமல் சோதனை நடத்துவதில் பயனில்லை.

செலவுக் கணக்குப் போடுபவர்கள் கருவியின் விலையோடு நின்றுவிடுகிறார்கள். விநாடிக்கு 1000 பதிவு என்றால் பத்து நிமிட வாசிப்புக்கு ஆறு லட்சம் பதிவுகள் சேரும். இமைத்தபோது பதிவு மேலும் கீழும் சரிவதைத் தாவல் என்று எண்ணாமல் நீக்க வேண்டும்; வேறு வரிக்கு நழுவிய பதிவுகளைத் திருத்த வேண்டும். பதிவெடுக்க ஒரு முற்பகல் போதும் என்றால் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதற்கு ஆள் சம்பளத்தையும் முதலிலேயே நிதிக் கோரிக்கையில் எழுதிவிடுங்கள். பிற்பாடு கேட்டால் யாரும் தருவதில்லை.