ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறவர்களிடம் பாட்டைக் கொடுக்காதீர்கள்

சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தச் செலவில் ரெக்கார்டிங் செய்து, தாங்களே வெளியிடுகிற எல்லோருக்கும் இந்தப் பதிவு. "உங்கள் பாட்டை ஆயிரக்கணக்கான பேரிடம் கொண்டுசேர்க்கிறோம், எல்லாம் நிஜமான கேட்பாளர்கள்" என்று யாராவது இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினால் பதில் போடாதீர்கள். அப்படி வந்த ஒரு புரோமோஷன் நிறுவனத்தால் எனக்குப் பணமும் போனது, பாட்டும் போனது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாட்டு போனதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

அவர்கள் பேசிய விதத்தை முதலில் சொல்கிறேன். பொத்தாம்பொதுவான விளம்பரமாக அது வரவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலைக் குறிப்பிட்டு, "அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டோம்" என்று எழுதியிருந்தார்கள். பாட்டு போடுகிறவருக்கு இதைவிட இதமான வார்த்தை வேறு கிடையாது. பிற்பாடு இதே ஆட்களிடம் மாட்டிய இன்னொரு பாடகரின் செய்தியைப் பார்த்தேன். வரிக்கு வரி அதேதான், புல்லாங்குழல் இருந்த இடத்தில் வயலின் இருந்தது.

நேரடியாகவே கேட்டேன்: போலிக் கணக்குகளை வைத்து ஓட்டுவீர்களா? "நூறு சதவீதம் ஆர்கானிக். எங்கள் கையில் இருக்கும் பிளேலிஸ்ட்களில் சேர்ப்போம், அதைப் பின்தொடர்கிறவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான்" என்று எழுத்தில் பதில் தந்தார்கள். ஏற்கெனவே வேலை செய்து கொடுத்த கலைஞர்கள் என்று ஒரு பட்டியலும் காட்டினார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து இருக்கும் விதியை எடுத்துச் சொன்னதும் அவர்கள்தான். ஒரு பாட்டு அதற்கு முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடவில்லை, அதாவது 1,000 தடவை கேட்கப்படவில்லை என்றால் அதற்கு ராயல்டியே கிடையாது. "இதைத் தாண்டாமல் உங்கள் பாட்டுக்கு ஒரு பைசா வராது" என்றார்கள். விதி உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் வலை பின்னுகிறார்கள்.

இந்த வியாபாரம் ஏன் இப்படிச் செழிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கேசட் கம்பெனியோ ரெக்கார்டு கம்பெனியோ மனது வைத்தால்தான் பாட்டு வெளியே வரும். இன்று ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சின்னக் கட்டணம் கட்டினால், சில நாட்களில் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் பாட்டு வந்துவிடும். இது நிஜமாகவே பெரிய விடுதலை, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் கதவு திறந்ததால், உலகம் முழுக்க நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 1 லட்சம் பாட்டுகள் ஏறுகின்றன. வெளியிடுவது சுலபமாகிவிட்டது, ஒருவர் காதில் விழவைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தில் தவிக்கிறவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள்.

சரி, பணம் கட்டிய பிறகு என்ன நடந்தது?

மறுநாளே ஸ்ட்ரீம் எண்ணிக்கையைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. அது ஏறிய விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மனிதர்கள் கேட்கும்போது காலையில் ஒரு அளவு, ராத்திரியில் ஒரு அளவு, வார இறுதியில் வேறு அளவு என்று ஏறி இறங்கும். எனக்கு வந்தது ஒரே மட்டத்தில் போன கோடு, இரவா பகலா என்ற வித்தியாசமே அதில் இல்லை. கேட்பவர்களின் ஊர்ப் பட்டியலைத் திறந்தால் ஹெல்சிங்கி, அமெரிக்காவின் ஆஷ்பர்ன், ஃபிராங்க்ஃபர்ட். மூன்றிலும் பெரிய சர்வர் மையங்கள், அதாவது கணினிகளை அடுக்கிவைத்த கூடங்கள், இருக்கின்றன. தமிழ்ப் பாட்டை அங்கே இத்தனை பேர் ஒரே நாளில் கண்டுபிடித்துக் கேட்க எந்தக் காரணமும் இல்லை. ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீமுக்கு ஒருவர்கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை, ஒருவர்கூட என்னைப் பின்தொடரவில்லை. பாட்டைச் சேர்த்திருந்த பிளேலிஸ்ட்டில் மெட்டல், தாலாட்டு, தியான இசை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அந்த வரிசையில் மனிதர் யாரும் உட்கார்ந்து கேட்க முடியாது.

உடனே நிறுத்தச் சொல்லி எழுதினேன். "அல்காரிதம் சூடாகிறது, ஒரு வாரம் பொறுங்கள்" என்றார்கள். அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது: செயற்கை ஸ்ட்ரீமிங் கண்டறியப்பட்டதால் பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கப்படுகிறது, ராயல்டி நிறுத்திவைக்கப்படுகிறது, அபராதம் கணக்கில் கழிக்கப்படும். போலி ஸ்ட்ரீமோடு சேர்த்து, அதற்கு முன்னால் நிஜமான மனிதர்கள் கேட்டதற்கு வந்திருந்த கொஞ்சப் பணமும் போனது. அந்த நிஜக் கேட்பாளர்கள் தங்கள் பிளேலிஸ்ட்களில் ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த இடத்தில் இப்போது பாட்டு இல்லை.

இந்த அபராதம் எங்கிருந்து வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு பாட்டில் அப்பட்டமான போலி ஸ்ட்ரீமிங் நடந்தால், அந்தப் பாட்டுக்காக லேபிளிடமும் (பாட்டை வெளியிடும் கம்பெனி) டிஸ்ட்ரிபியூட்டரிடமும் கட்டணம் வசூலிக்கும் முறையை ஸ்பாட்டிஃபை 2024-ல் கொண்டுவந்தது. டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலர் அதை அப்படியே கலைஞர் தலையில் கட்டிவிடுகிறார்கள். போலிக் கணக்குகளை ஓட்டியவர் யார் என்று அந்த ஏற்பாட்டில் யாரும் தேடுவதில்லை. பாட்டு யார் பெயரில் இருக்கிறதோ, அடி அவருக்கு.

இதைக் கண்டுபிடித்துத் தடுப்பதில் தவறு எதுவும் இல்லை, தடுக்கத்தான் வேண்டும். பெரும்பாலான தளங்களில் சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த வருமானம் ஒரே தொகுப்பாகச் சேர்ந்து, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் பிரிகிறது. ஒரு போலி ஸ்ட்ரீம் ஏறினால் இன்னொரு கலைஞரின் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒருவர் மீது பெரிய குற்ற வழக்கே பதிவானது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய லட்சக்கணக்கான பாட்டுகளைத் தானியங்கிக் கணக்குகளால் ஓட்டவிட்டு 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டினார் என்பது குற்றச்சாட்டு. அந்த அளவுக்குத் திருடுகிறவர்களுக்கும், ஏமாற்றப்பட்ட ஒரு பாடகருக்கும் ஒரே மின்னஞ்சல்தான் போகிறது என்பதுதான் என் ஆத்திரம்.

பாட்டை ஒலிபரப்பக் காசு வாங்குவது புதிது இல்லை. 1950-களில் அமெரிக்க வானொலியில் இது பெரிய ஊழலாக வெடித்து, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ஆனால் அன்றைக்குக் காசு வாங்கியவர்கூடப் பாட்டை மனிதர்களின் காதுக்குத்தான் கொண்டுபோனார். இங்கே காதே இல்லை.

பாட்டு நீக்கப்பட்டதைச் சொன்னதும் அந்த நிறுவனம் இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் "கணக்கைச் சுத்தப்படுத்தித் தருகிறோம்" என்றது. முடியாது என்று சொல்லி, கட்டியதைத் திருப்பிக் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள். இப்போது வேறு பெயரில், அதே விளம்பரப் படங்களோடு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு யார் உத்தரவாதம் கொடுத்தாலும் அது போலிதான். இத்தனை பேருக்கு விளம்பரம் காட்டுகிறேன் என்று ஒருவர் சொல்லலாம், பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லலாம். இத்தனை பேர் கேட்பார்கள் என்று உறுதி சொல்லும் சக்தி யாருக்கும் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு பிளேலிஸ்ட்டில் இடம் கொடுப்பதை ஸ்பாட்டிஃபையின் விதிகளே தடை செய்கின்றன. அதன் சொந்த எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப, கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலேயே வசதி இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், எடிட்டர் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடாரில் (ஸ்பாட்டிஃபை தானாகவே போட்டுத்தரும் புதுப் பாட்டுப் பட்டியல்) அந்தப் பாட்டு போய்ச் சேரும்.

இன்னொன்று. யாருக்குமே பணம் கொடுக்காதவர்களின் பாட்டையும் இவர்கள் தங்கள் பிளேலிஸ்ட்டில் சொருகிவிடுகிறார்கள், பிறகு அவர்களுக்கும் இதே தண்டனை. ஆகவே வாரத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் கணக்கைத் திறந்து எந்தப் பிளேலிஸ்ட்டிலிருந்து ஸ்ட்ரீம் வருகிறது, எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே அந்தப் பிளேலிஸ்ட்டைப் புகார் செய்யுங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். அவர்கள் கண்டுபிடித்த பிறகு நீங்கள் எழுதினால் அது சமாதானம் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் உரையாடல், ரசீது, பிளேலிஸ்ட் இணைப்பு, ஊர்ப் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேலிஸ்ட்டை அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடுவார்கள். என்னுடையதும் அப்படித்தான் காணாமல் போனது. மேல்முறையீட்டுக்கு ஆதாரமாக அதைத்தான் டிஸ்ட்ரிபியூட்டர் முதலில் கேட்டார்.