மானிடவியல் முனைவர் பட்டம்: அமெரிக்காவா, பிரிட்டனா, இந்தியாவா?

மானிடவியலில் முனைவர் பட்டம் முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், களத்தில், அதாவது ஆய்வு செய்யும் மக்களோடு, தங்க எத்தனை மாதம் கிடைக்கும் என்பது. ஓர் ஊரில் விதைப்பு, அறுவடை, திருவிழா, சாவு எல்லாவற்றையும் உடனிருந்து பார்க்க ஒரு முழு வருடமாவது வேண்டும்.

அமெரிக்க வழி நீளமானது. இளங்கலையோடு சேரலாம். முதல் இரண்டு வருடம் போல வகுப்புகள், அப்புறம் தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல். பல துறைகள் மொழித் தேர்ச்சியும் கேட்கும். இதெல்லாம் தாண்டித்தான் களம். அங்கே ஒன்று முதல் இரண்டு வருடம். மொத்தம் ஆறேழு வருடம் ஆவது சாதாரணம். நல்ல துறைகளில் ஐந்து வருடத்துக்காவது உதவித்தொகை உண்டு. களச்செலவுக்கு, மானிடவியல் ஆய்வுக்கு நிதி தரும் வென்னர்-கிரென் அறக்கட்டளை போன்றவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மொழிக்கென்றே நேரம் ஒதுக்குவதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ் கற்க வரும் அமெரிக்க ஆய்வு மாணவர்களுக்காக மதுரையிலேயே வகுப்புகள் நடக்கின்றன.

பிரிட்டனில் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும். நீண்ட களப்பணியை மானிடவியலில் வழக்கமாக்கிய மலினோவ்ஸ்கி பாடம் சொன்ன லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முதல் வருடம் களத்துக்கான தயாரிப்பு. எம்ஃபில் மாணவராகப் பதிந்து, திட்டம் தேறிய பிறகே பிஎச்.டி.க்கு உயர்வு. அடுத்து ஒரு வருடத்துக்கு மேல் களம், பிறகு எழுத்து. நான்கு வருடத்தில் முடிக்கப் பார்ப்பார்கள். ஆய்வேடு ஒரு லட்சம் சொல்லைத் தாண்டக் கூடாது. வாய்மொழித் தேர்வு மூடிய அறையில், வழிகாட்டியல்லாத இரண்டு தேர்வாளர்கள் முன்னால். வேறு துறையிலிருந்து வருகிறவருக்கு இந்த வேகம் கஷ்டம்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள்தான் அடிப்படை. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 வருடச் சலுகை. ஆய்வுக்கு முன் படிக்கும் வகுப்புகளுக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வுக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசிய விதி போய்விட்டது. வாய்மொழித் தேர்வு எல்லோரும் வரக்கூடிய அரங்கில் நடக்கும்.

குறை எங்கே என்றால், இயற்பியலுக்கும் மானிடவியலுக்கும் ஒரே விதி. களத்தில் இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. சொந்த ஊர்ப் பக்கம் ஆய்வு செய்கிறவருக்கு மொழி கையிலேயே இருக்கிறது, சரி. சென்னையிலிருந்து நீலகிரிக்குப் போகிறவருக்கோ தோடர் மொழி முற்றிலும் புதியது. அதைக் கற்க விதியில் தனி நேரம் கிடையாது. நூற்றிருபது வருடத்துக்கும் முன்பு தோடர்களிடம் வந்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துத்தான் வேலை செய்தார். இன்றைய மாணவரை நாம் அந்த நிலையில் விடக் கூடாது.

முதுகலையும் களமொழியும் கையில் இருந்தால் நான் பிரிட்டனைச் சொல்வேன். துறைக்கே புதியவர் என்றால் அமெரிக்கா. இங்கேயே படிப்பதானால் எல்லாம் வழிகாட்டியைப் பொறுத்தது. சேரும் முன், அவரிடம் கடைசியாக முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடித்து, களத்தில் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று கேளுங்கள்.