சாந்-தெனி பசிலிக்கா: பாரிஸ் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்க வேண்டிய இடம்

பாரிஸ் போய் வந்தவர்களைக் கேட்டால் ஐஃபில் கோபுரம், லூவ்ர், வெர்சாய் என்று வரிசையாகச் சொல்வார்கள். நாங்கள் பணம் கட்டிய சுற்றுலாத் திட்டத்திலும் அதே வரிசைதான். பாரிஸுக்கு வடக்கே, பிரெஞ்சு அரசர்களைப் புதைத்த தேவாலயமான சாந்-தெனி உண்டா என்று கேட்டதற்கு, "அங்கே என்ன சார் இருக்கு, வெறும் கல்லறை" என்று ஏற்பாட்டாளர் முடித்துவிட்டார். கடைசி நாள் குழுவோடு போகாமல் நானும் மனைவியும் 13-ம் எண் மெட்ரோவில் ஏறி நாங்களாகவே போனோம். அந்த ஒரு வாரத்தில் நான் பார்த்ததில் மனதில் நிற்பது இந்த இடம்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கோபுரம் இல்லாமல் நிற்கும் தேவாலயம். வடக்குக் கோபுரத்தை 1846-ல் பிரித்தெடுத்துவிட்டார்கள், இப்போது திரும்பக் கட்டும் வேலை நடக்கிறது. கூர்வளைவுகளும் பெரிய சன்னல்களும் கொண்ட கோதிக் கட்டடக்கலை பிறந்த இடம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சூஜே என்ற மடாதிபதி 1144-ல் முடித்த கிழக்குக் கோடிப் பகுதியில் போய் நின்றால் காரணம் புரியும், சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. அதில் ஒரு சன்னலில் மரியாளின் காலடியில் ஒரு துறவி குப்புற விழுந்து கிடக்கிறார், அது சூஜேயேதான். தேடிப் பாருங்கள்.

முன்பகுதிக்குள் போகக் காசு வேண்டாம். கல்லறைகள் இருக்கும் பக்கத்துக்குத்தான் சீட்டு, 18 வயதுக்குக் கீழே இலவசம். அந்தச் சீட்டை யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட ராஜா ராணிகள் கல்லில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். கைகள் கூப்பியபடி, கால்மாட்டில் ராஜாவுக்குச் சிங்கம், ராணிக்கு நாய். 13-ம் நூற்றாண்டில் வரிசையாகச் செய்துவைத்த பழைய அரசர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், ஏனென்றால் அவர்கள் செத்துப் பல நூறு வருஷம் கழித்துச் செய்தவை. ஐந்தாம் சார்ல் முன்னால் வந்ததும் வித்தியாசம் தெரிகிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1364-ல், தனக்குச் சிலை சொல்லிவைத்தவர். பெரிய மூக்கு, கொஞ்சம் களைத்த சிரிப்பு, தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

நான் அதிக நேரம் நின்றது பன்னிரண்டாம் லூயி, ஆன் தம்பதியின் கல்லறை முன்னால். மேலே இருவரும் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். கீழே குனிந்து தூண்களுக்கு இடையே பார்த்தால் அதே இருவர், துணியில்லாமல், தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பிணங்களாக. வயிற்றில் உடலைப் பதப்படுத்தக் கிழித்த இடத்தைத் தைத்த தையல் கூடப் பளிங்கில் இருக்கிறது, ஒவ்வொரு குத்தும் தெரிகிறது. ராஜாவின் கல்லறையில் இதைச் செதுக்கச் சம்மதித்த ஒரு காலம் இருந்திருக்கிறது என்பதை என்னால் இன்னும் முழுசாக ஜீரணிக்க முடியவில்லை.

இதில் முக்கியமான விஷயம், அந்தக் கல்லறைகளுக்குள் யாரும் இல்லை. 1793 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சி அரசு இவற்றை உடைக்க உத்தரவு போட்டது. அக்டோபரில் சவப்பெட்டிகளைத் திறந்து, ஈயத்தைக் குண்டு வார்க்க எடுத்துக்கொண்டு, உடல்களை வெளியே வெட்டிய இரண்டு குழிகளில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். 1610-ல் கொலையுண்ட நான்காம் ஹென்றியின் உடல் அழுகாமல் இருந்ததால் அதை ஜனங்கள் பார்க்க நிறுத்தியே வைத்திருந்தார்களாம். இங்கே இது நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான், அக்டோபர் 16-ல், பாரிஸில் ராணி மரி அந்த்வானெத்தின் தலையை வெட்டினார்கள். சிலைகள் தப்பியதற்கு அலெக்சாந்தர் லெனுவார் என்பவர் காரணம், அவற்றைப் பாரிஸுக்கு எடுத்துப்போய் ஒரு அருங்காட்சியகமாகவே ஆக்கிவிட்டார்.

மன்னராட்சி திரும்பியதும் 1815 ஜனவரி 21-ல், 1793-ல் பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய அதே தேதியில், அவரையும் மனைவி மரி அந்த்வானெத்தையும் இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். 1817-ல் குழிகளைத் தோண்டினார்கள். எந்த எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் நிலவறையில் ஒரே அறையில் வைத்து மூடி, வெளியே கறுப்புப் பலகைகளில் பெயர்களைச் செதுக்கினார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட அரச பரம்பரை, ஒரு கதவு அளவு இடத்துக்குப் பின்னால். வெர்சாயில் சூரிய அரசனின் நிலைக்கண்ணாடி மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அதே பதினான்காம் லூயியின் பெயரைப் பலகையில் ஒரு வரியாகப் படித்தேன். ராஜாவை வணங்கியதும் வெட்டியதும் பிறகு பெயர் தேடிச் செதுக்கியதும் ஒரே நாடு, அது மூன்றையும் மறைக்காமல் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. பிரெஞ்சு வரலாற்றைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு நேரடியாக இதைச் சொன்னதில்லை.

சரி, போகிறவர்களுக்கு. ஞாயிறு காலை பூசை இருப்பதால் கல்லறைப் பகுதிக்கு மதியம்தான் விடுவார்கள். அதற்குள் பக்கத்துச் சந்தையைச் சுற்றலாம், அது செவ்வாய், வெள்ளி, ஞாயிறு உண்டு. மத்தியானத்துக்கு மேல் வெயில் இருந்தால் தெற்கு வட்டச் சன்னலின் சிவப்பும் நீலமும் வெள்ளைப் பளிங்கு முகங்களில் விழும். இரண்டு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனோம், மூன்றரை ஆயிற்று. நிலவறையில் நல்ல குளிர், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.