டைட்டில், தீத்ர்: வீட்டுரிமைக்கு லண்டனில் எது சான்று, பாரிசில் எது?

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இரண்டு உறைகளை என் மேசையில் வைத்தார். ஒன்றில் மகனுடைய லண்டன் வீட்டுக் கடதாசி, மற்றதில் அவருடைய பாரிஸ் புறநகர் வீட்டுக் கடதாசி. இரண்டையும் தமிழில் பெயர்த்துத் தர வேண்டும். "தம்பி, இதில உறுதி எது?" என்று கேட்டார்.

காணி உறுதியை, அதாவது ஈழத்து நிலப் பத்திரத்தை, பார்த்துப் பழகியவர். கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கட்டை எதிர்பார்த்தார். லண்டன் உறையில் இருந்தது சில பக்க அச்சுப் பிரதி. வாங்கியவர், விற்றவர் யாருடைய கையெழுத்தும் அதில் இல்லை. பாரிஸ் உறையில் ஒரே ஒரு பக்கம், அடியில் நொத்தேரின், அதாவது பத்திரம் எழுதும் பிரெஞ்சுச் சட்ட அலுவலரின், கையெழுத்தும் முத்திரையும். பார்வைக்குப் பாரிஸ்தான் கெட்டி. சட்டத்தின் கண்ணுக்கு, அந்த இரண்டில், லண்டன் பிரதிதான் கெட்டி.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆங்கில டைட்டிலும் பிரெஞ்சு தீத்ரும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. நார்மன் படையெடுப்புக்குப் பிறகு இங்கிலாந்து வழக்கறிஞர்கள் பல தலைமுறை பிரெஞ்சிலேயே சட்டம் பேசியதால் இந்த உறவு. ஆனால் இங்கிலாந்தில் டைட்டில் என்பது காகிதமே கிடையாது. அது உரிமை, எதனால் இந்தச் சொத்து உனக்கு என்ற கேள்விக்கான பதில். நம் சட்டத் தமிழில் உரிமைமூலம் என்கிறோமே, அதுதான். காகிதத்தின் பெயர் டீட். பிரெஞ்சில் தீத்ர் இரண்டையும் சுமக்கிறது: உரிமை பிறந்த செயலும் தீத்ர், அதை எழுதிய பத்திரமும் தீத்ர். அதனால் 'தீத்ர் தெ ப்ரோப்ரியெத்தே', அதாவது சொத்துரிமைத் தீத்ர், என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டால், பெரும்பாலும் பத்திரத்தைத்தான் கேட்கிறார்.

இங்கிலாந்தில் டைட்டில் டீட் என்ற சொல் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தில் அதன் எடை பெரும்பாலும் போய்விட்டது. முன்பு வீடு வாங்குகிறவரின் வழக்கறிஞர் விற்பவரின் பத்திரக் கட்டைப் பிரித்து, ஆட்சேபணைக்கு இடமில்லாத ஒரு மூலப் பத்திரம்வரை பின்னோக்கிப் போவார். குறைந்தது 30 ஆண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதை 15 ஆக்கியது. நிலப் பதிவகம் 1862இலேயே தொடங்கியிருந்தாலும், விற்பனையானால் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் வந்தது 1990 டிசம்பர் 1ஆம் தேதிதான். பதிந்துவிட்டால் கட்டுக்கு வேலை இல்லை. உரிமையாளர் என்று பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறதோ, சட்ட உரிமை அவரிடம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் 2003 அக்டோபர் 13 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை தந்துவந்த நிலச் சான்றிதழையும் நிறுத்திவிட்டார்கள்.

அக்காவின் மகன் அனுப்பியது அந்தப் பதிவேட்டின் அதிகாரபூர்வப் பிரதி. தலைப்பில் டைட்டில் எண். பிறகு மூன்று பகுதிகள்: சொத்து எது, உரிமையாளர் யார், கடனும் கட்டுப்பாடும் என்ன. நடுப்பகுதியில் 'டைட்டில் அப்சல்யூட்' என்ற இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள். அதுதான் உயர்ந்த தரம். பதிவேட்டில் பிழை நேர்ந்து அதனால் ஒருவருக்கு நட்டம் வந்தால் பதிவகம் இழப்பீடு தரவும் சட்டத்தில் இடம் உண்டு. அந்தப் பிரதிக்குப் பின்னால் அரசு நிற்கிறது. ஒன்றை மட்டும் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தாலும், வேலி சரியாக எந்த அங்குலத்தில் ஓடுகிறது என்பதை அது பொதுவாகத் தீர்மானிப்பதில்லை.

பிரான்சில் கதை வேறு. பொருளும் விலையும் ஒத்துப்போனாலே இருவருக்குள் விற்பனை முடிந்தது என்கிறது சிவில் சட்டத் தொகுப்பின் 1583ஆம் பிரிவு. வெளியாருக்கு எதிராகவும் அது செல்ல வேண்டுமானால் நொத்தேர் எழுதிய 'ஆக்த் ஒத்தாந்திக்' என்ற அதிகாரபூர்வப் பத்திரம் வேண்டும், அது நிலப் பதிவு அலுவலகத்தில் ஏற வேண்டும். 1955 ஜனவரி 4ஆம் தேதி ஆணை அமைத்த ஏற்பாடு இது. அந்த அலுவலகம் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. யார் எந்தப் பத்திரத்தை எப்போது ஏற்றினார்கள் என்பதை ஊரறியச் செய்வதுதான் அதன் வேலை. ஒரே ஆள் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றால், நல்லெண்ணத்தோடு முதலில் ஏற்றியவர் ஜெயிப்பார். எனவே அங்கே சான்றின் கனம் பத்திரத்தில்தான். நொத்தேர் தாமே கண்டதாக, செய்ததாக அதில் எழுதியதை மறுக்க, பொய்ப் பத்திரம் என்று தனி நடவடிக்கையே தொடுக்க வேண்டும்.

ஒரு பிரெஞ்சு கிரயப் பத்திரத்தை நான் முதலில் பிரித்தபோது ஊர் நினைவு வந்தது. ஆண்டும் தேதியும் எண்ணில் இல்லாமல் எழுத்தில் தொடங்குகிறது. உள்ளே 'ஒரிழின் தெ ப்ரோப்ரியெத்தே' என்று ஒரு பகுதி: விற்பவருக்கு இது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எப்படி வந்தது. நம் பத்திரங்களில் 'எனக்குப் பாத்தியமான விவரம்' என்று எழுதுகிற அதே பத்தி. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே நிற்பது? இதைப் பிரெஞ்சு வழக்கறிஞர்கள் சாத்தானின் நிரூபணம் என்பார்கள். 30 ஆண்டு அனுபோகம் உரிமை தரும் என்ற விதிதான் அதற்கு அணை.

உண்மையில் தமிழ்நாட்டுக்காரர் பிரெஞ்சு முறையைத்தான் சட்டென்று புரிந்துகொள்வார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் உரிமையைப் பதிவதில்லை, ஆவணத்தைத்தான் பதிகிறது. சொத்தின் மேல் அடமானம் உண்டா என்று காட்டும் 'எத்தா இப்பொத்தேக்கேர்' ஏறத்தாழ நம் வில்லங்கச் சான்று. வரிக்காக 1807இல் நெப்போலியன் காலத்தில் தொடங்கிய கதாஸ்த்ர் நிலவரைப் பதிவேட்டின் நகலை மட்டும் நீட்டி உரிமை கோருவது, இங்கே பட்டாவை மட்டும் நீட்டுவது போலத்தான்.

நொத்தேரைப் புரிந்துகொள்வதில் ஈழத்தவர் இன்னும் ஒரு படி முன்னே. தமிழ்நாட்டில் நோட்டரி என்றால் கையெழுத்துக்குச் சான்று போடும் வழக்கறிஞர். இலங்கையில் நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் முடித்தால்தான் காணி உறுதி செல்லும். 1840ஆம் ஆண்டுச் சட்டம். பிரெஞ்சு நொத்தேர் அந்த நொத்தாரிசுக்குத்தான் உறவு. மூலப் பத்திரத்தை 75 ஆண்டு தம்மிடமே வைத்திருந்து வாங்கியவருக்குச் சான்றுப் பிரதி தருவார். வீட்டிலிருக்கும் பிரதி தொலைந்தால் அழ வேண்டாம், இன்னொன்று கேட்டு வாங்கலாம்.

அல்சாஸ், மொசெல் பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. ஜெர்மன் ஆட்சியில் வந்த நிலப் புத்தகத்தை, 'லீவ்ர் ஃபொன்சியே'யை, 1924ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தொடர விட்டது. அதில் பெயர் ஏறினால் உரிமை உண்டு என்றே முதலில் கொள்வார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் வீடு, இந்த விஷயத்தில், பாரிசைவிட லண்டனுக்குக் கிட்ட.

அக்காவின் ஒற்றைப் பக்கத்துக்கு வருகிறேன். அதன் தலைப்பு 'அத்தெஸ்தாசியோன்'. இந்தச் சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கி விழுவதைப் பார்க்கிறேன். கிரயத்தன்று நொத்தேர் தரும் அத்தெஸ்தாசியோன் ஒரு தற்காலிகச் சீட்டு. பதிவாகி வரும் பத்திரப் பிரதிக்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், மின்சாரத்துக்கும் காப்பீட்டுக்கும் காட்டத் தருவது. ஒருவர் இறந்தபின் வாரிசுகளுக்காக நொத்தேர் எழுதும் அத்தெஸ்தாசியோன் முழு ஆவணம். அது பதிவேறும், வாரிசின் தீத்ராக நிற்கும். இரண்டையும் 'உரிமைச் சான்றிதழ்' என்று பெயர்த்தால் படிப்பவர் ஏமாந்துபோவார். நான் முன்னதற்குக் கிரய உறுதிச் சீட்டு என்றும், பின்னதற்கு நொத்தாரிசு வாரிசுரிமை ஆவணம் என்றும் எழுதுகிறேன். லண்டன் பிரதிக்கு உரிமைப் பதிவேட்டுப் பிரதி. அதைப் பத்திரம் என்று எழுதவே மாட்டேன்.

அக்காவிடம் இருந்தது முதல் வகை. வீடு வாங்கி ஒன்பது வருடம். நொத்தேர் அலுவலகத்துக்கு என்ன கேட்டு எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன்: 'கொப்பி ஒத்தாந்திக்', அதாவது பத்திரத்தின் சான்றுப் பிரதி, கூடவே கிரயம் நடந்த தேதி. "அப்ப உறுதி அங்கதான் கிடக்கு" என்றார். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.