ரத்தக்காட்டேரி வேட்டைக்காரனின் மூட்டை: எட்டு ஞாயிறு சுமந்து பார்த்ததில்

5-க்கு மூன்றரை. சண்டைக்கு என்று நினைத்து வாங்கினால் இரண்டுதான், சவப்பெட்டியைத் திறக்கும் நாளுக்கு என்று வாங்கினால் நாலரை. இரண்டையும் கூட்டி வகுத்து மூன்றரை போட்டிருக்கிறேன், கணக்கு சரியில்லை என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

பொருள் என்னவென்றால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் மான்ஸ்டர் ஹண்டர்ஸ் பேக். 2016-ல் வந்த ஒரு ரத்தக்காட்டேரி சாகசப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. கடையில் கையால் தொட்டு வாங்கும் சரக்கு இல்லை, கேரக்டர் ஷீட்டில் பென்சிலால் எழுதிக்கொள்ளும் சரக்கு. ஆனாலும் விலை உண்டு, எடை உண்டு, ஏமாற்றமும் உண்டு, அதனால் விமர்சனம் எழுதலாம் என்று எங்கள் கூட்டத்தில் முடிவானது.

நாங்கள் ஆடுவது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. ஆடுபவர்கள் நான்கு பேர், கதையை நடத்த ஒரு டிஎம். மாம்பழ சீசனில் ஆட்டம் கிடையாது, ஏனென்றால் எங்களில் இரண்டு பேருக்கு மாங்கூழ் ஆலையில் வேலை, அந்த நாட்களில் அவர்களை வீட்டுக்காரர்களே பார்ப்பது அபூர்வம். இந்த முறை டிஎம் ரத்தக்காட்டேரியின் கோட்டையை ராயக்கோட்டை மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டார். விதிகள் மட்டும் 2014 புத்தகத்தில் உள்ளபடி. என் கேரக்டர் எட்டாம் லெவல் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரன்), கையில் லைட் கிராஸ்போ என்ற விசைவில், பையில் 140 பொன், அதாவது ஆட்டத்துக்குள் செல்லும் தங்கக் காசு.

மூட்டைக்குள் இருப்பது: ஒரு மரப்பெட்டி, கடப்பாரை, சுத்தியல், மூன்று மர முளை, ஒரு புனிதச் சின்னம், ஒரு குப்பி புனித நீர், கைவிலங்கு, எஃகுக் கண்ணாடி, ஒரு குப்பி எண்ணெய், தீமூட்டும் டப்பா, மூன்று பந்தம். தனித்தனியாக விலை போட்டால் 45 பொன்னைத் தாண்டும், அதில் புனித நீர் மட்டுமே 25. ஹான்டட் ஒன் என்ற பின்னணியை (கேரக்டரின் முன்கதையை) எடுத்தால் சும்மாவே கிடைக்கும், நான் அப்படித்தான் வாங்கினேன். ஆக விலையைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

குறை அந்தப் பெட்டி. வெறும் பெட்டி மட்டும் 25 பவுண்ட், அதாவது 11 கிலோவுக்கு மேல். உள்ளே இருப்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய அரை மூட்டை சிமென்ட். அதைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டை மலை ஏறுவதாகக் கற்பனை செய்யுங்கள். இரண்டாவது ஞாயிறே பெட்டியை அடிவாரத்தில் போட்டுவிட்டு 2 பொன்னுக்கு முதுகுப் பை வாங்கினேன். கூடவே 1 பொன்னுக்கு 50 அடிக் கயிறு. காட்டேரி வேட்டை மூட்டையில் கயிறு வைக்காதது ஏன் என்று இன்னும் புரியவில்லை.

சரி, புனித நீருக்கு வருவோம், காசு போக வேண்டிய இடம் இதுதான். எறிந்தால் 2டி6, அதாவது இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகை, ரேடியன்ட் (புனித ஒளி) டேமேஜ், சராசரி 7. எதிரில் நிற்பதோ 144 ஹெச்பி (உயிர்ப்புள்ளி) உள்ள காட்டேரி. 25 பொன் கொடுத்து 7 அடியா என்று எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள், நானும் பிதுக்கினேன். ஆனால் காட்டேரி தன் ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் 20 ஹெச்பியைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. ரேடியன்ட் அடியோ புனித நீரோ பட்டால் அடுத்த டர்னில் அந்த ஏற்றம் நின்றுவிடும். அப்படியானால் ஒரு குப்பியின் உண்மையான மதிப்பு 7 இல்லை, 27. இந்தக் கணக்குத் தெரியாமல் முதல் மோதலில் நான்கு ரவுண்டு அம்பாக விட்டோம், விட்டதெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

எங்கள் கிளெரிக், அதாவது பூசாரிக் கேரக்டர் ஆடுபவர் (நிஜத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார்) 'என்னிடம் சேக்ரட் ஃப்ளேம் இருக்கிறது, அதுவும் ரேடியன்ட்தான், காசு செலவே இல்லை, உனக்கு எதற்குத் தண்ணீர்' என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மந்திரத்துக்குக் காட்டேரி டெக்ஸ் சேவ் போடும், அதாவது சுறுசுறுப்பால் தப்பிக்க இருபதுமுகப் பகடை உருட்டும், அதற்கு அதில் +9. எங்கள் கிளெரிக்கின் டிசி, அதாவது அது எட்டவேண்டிய எண், 15. பகடையில் 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் அது தோற்கும், அதாவது நூற்றுக்கு 25. நான் குப்பி எறிந்தால் அதன் ஏசி (குறி பட நான் எட்டவேண்டிய எண்) 16, என் டெக்ஸ் +4, இம்ப்ரோவைஸ்டு (கைக்கு வந்ததை ஆயுதமாக்கிய) ஆயுதம் என்பதால் வேறு போனஸ் எதுவும் சேராது, 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், நூற்றுக்கு 45. சேவில் தோற்றாலும் நாளுக்கு மூன்று முறை 'இல்லை, ஜெயித்துவிட்டேன்' என்று சொல்லும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் வேறு அதற்கு இருக்கிறது, ஆனால் மண்டையில் உடைந்த குப்பிக்கு அந்தச் சலுகை செல்லாது. இதைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகு மருந்துக்கடைக்காரர் ஒன்றும் பேசாமல் நிலக்கடலையை என் பக்கம் தள்ளினார். உங்கள் கூட்டத்தில் டிவைன் ஸ்மைட் என்ற ரேடியன்ட் அடி அடிக்கும் பாலடின் (புனித வீரர்) இருந்தால் மேலே உள்ளதை மறந்துவிடலாம், அவர் பார்த்துக்கொள்வார்.

மூட்டையில் ஒரே ஒரு குப்பிதான் இருக்கிறது என்பது என் பெரிய புகார். குறைந்தது நான்கு தனியாக வாங்குங்கள். கிளெரிக் இருந்தால் மலைமேலும் தயாரிக்கலாம்: ஒரு மணி நேரம், 25 பொன் மதிப்புள்ள வெள்ளித்தூள், முதல் லெவல் ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை என்று அளந்த மந்திரச் சக்தி) ஒன்று. காசு மிச்சமாகாது, ஆனால் பாதி மலையில் கடை ஏது? 2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு இன்னும் வசதி: ஓர் அடிக்குப் பதிலாகவே குப்பியை எறியலாம், டேமேஜும் 2டி8. ஆனால் அங்கே அதுவும் டெக்ஸ் சேவ் ஆகிவிட்டது, அதனால் மேலே போட்ட 45 கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இப்போது என் முட்டாள்தனம். மலையேறும் முன் இருந்த 140 பொன்னில் 100-ஐ வெள்ளிக்குக் கொடுத்தேன். பத்து போல்ட்டுக்கு (கிராஸ்போவின் அம்பு) வெள்ளி பூச அதுதான் விலை. காட்டேரி என்றால் வெள்ளி என்று தலைக்குள் பதிந்துபோயிருந்தது, எங்கே படித்தேனோ. முதல் போல்ட் பட்டதும் டிஎம் 'பாதி டேமேஜ்' என்றார். வெள்ளி, வெள்ளி என்று கத்தினேன். 'மேஜிக் இல்லாத ஆயுதம் எல்லாவற்றுக்கும் அதற்கு ரெசிஸ்டன்ஸ், வெள்ளிக்கு விதிவிலக்கு என்று எழுதவில்லை, அது ஓநாய் மனிதனுக்கு' என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த 100 பொன்னுக்கு நான்கு குப்பி புனித நீர் வந்திருக்கும். மூட்டை செய்தவர்கள் வெள்ளியை உள்ளே வைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன், அந்த விஷயத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண்.

பூண்டும் அப்படித்தான். கூட்டத்தில் ஒருவர் பிடிவாதமாகப் பூண்டு மாலை போட்டுக்கொண்டு வந்தார். பழைய 3.5 பதிப்பில் பூண்டு வாடை அடிக்கும் இடத்துக்குள் காட்டேரி வராது, கண்ணாடியைக் காட்டினாலும் பின்வாங்கும், அதில் ஆடிப் பழகியவர் அவர். ஐந்தாம் பதிப்பில் அதன் பலவீனங்கள் நான்கே: அழைக்காமல் வீட்டுக்குள் வரமுடியாது, ஓடும் தண்ணீர், வெயில், முளை. பூண்டுக்கும் கண்ணாடிக்கும் அங்கே வேலையில்லை. பூண்டு கடைசியில் கூடாரத்தில் ரசத்துக்கு ஆனது. கண்ணாடியை மூலை திரும்பும் முன் எட்டிப் பார்க்க வைத்துக்கொண்டேன், அதற்கு நல்லதுதான்.

வீட்டுக்குள் வரமுடியாத விதியை ஓசூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். 90-களில் பெங்களூரில் கதவுகளில் 'நாளே பா' (கன்னடத்தில் 'நாளை வா') என்று எழுதிப் பேயைத் திருப்பி அனுப்பிய கதை கேட்டு வளர்ந்தவர். எந்தக் குடிசையில் தங்கினாலும் முதல் வேலையாகக் கதவில் கரியால் அதை எழுதினார். விதிப்படி தேவையே இல்லை, டிஎம் மட்டும் ரசித்தார். ஓடும் தண்ணீரில்தான் தகராறு. தென்பெண்ணையில் தள்ளினால் டர்ன் முடிவில் 20 ஆசிட் டேமேஜ், சரி. அதே ஆற்றின் கேஆர்பி அணையில் தேங்கி நிற்பது ஓடும் தண்ணீரா? முக்கால் மணி நேரம் வாதாடினோம். ஷட்டர் திறந்திருந்தால் ஆம் என்று தீர்ப்பானது.

கைவிலங்கைப் பார்த்ததும் சிரித்தேன். அதிலிருந்து விடுபட டிசி 20 என்றாலும், புகையாக மாறும் ஜந்துவுக்கு விலங்கு பூட்டி என்ன செய்வது? மூன்றாவது ஞாயிறு பதில் கிடைத்தது. காட்டேரி எங்கள் கிளெரிக்கை வசியம் செய்துவிட்டது. 24 மணி நேரத்துக்கு அதுதான் அவருக்கு உயிர் நண்பன், கழுத்தை நீட்டச் சொன்னால் நீட்டுவார். விலங்கு அவருக்குத்தான். புளியமரத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்துச் சாப்பாடு ஊட்டினோம். 2 பொன்னுக்கு இந்த மூட்டையிலேயே அதிகம் உழைத்த பொருள் இதுதான் என்பேன்.

கடைசி ஞாயிறு வரை முளையும் கடப்பாரையும் சும்மாதான் கிடந்தன. சண்டையில் முளையால் குத்தி ஒன்றும் ஆகாது, காட்டேரி தன் சவப்பெட்டியில் செயலற்றுக் கிடக்கும்போது நெஞ்சில் இறக்கினால்தான் விதி வேலை செய்யும். ஹெச்பி பூஜ்யமானதும் அது சாகாது, புகையாகிப் பறக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்துவிட்டால் அசையாமல் கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்து 1 ஹெச்பி திரும்பும், பிறகு எழுந்துவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கு. டிஎம் மூன்று பெட்டி வைத்திருந்தார், இரண்டு காலி. மூன்றாவது கல் மூடி. கடப்பாரை நெம்புவதால் அட்வான்டேஜ், இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம்: 4, 17. மூடி நகர்ந்தது. இன்னும் பத்து நிமிடம் பாக்கி என்றார் டிஎம். முளையை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முளை இறங்கினால் அது சாவதில்லை, பிடுங்கும்வரை மரத்துக் கிடக்கும், அவ்வளவுதான். பிறகு பத்து நிமிடம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், அறையிலும் யாரும் பேசவில்லை. 1 ஹெச்பி வந்ததும் ஓர் அம்பு. பெட்டிக்கு வெளியே பூஜ்யமானால்தான் புகையாகும், உள்ளே ஆனால் கதை முடிந்தது.

அந்த ஞாயிறுக்கென்றே ஒரு கடைசல் பட்டறையில் நிஜமாக மூன்று முளை செய்து வாங்கினேன், புளிய மரம், முக்கால் அடி. பட்டறைக்காரர் 'கன்னுக்குட்டி கட்டவா தம்பி? இன்னும் நீளம் வேணுமே' என்றார். ஆமாம் அண்ணா, சின்னக் கன்று என்று சொல்லி வாங்கி வந்தேன். மேஜைமேல் வைத்ததும் நன்றாக இருந்தது. கொட்டாப்புளியும் ஒன்று கேட்டிருக்கலாம்.

ஆக, எடுக்கலாம். பெட்டியைத் தள்ளிவிடுங்கள், கயிறும் நான்கு குப்பி தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள், பந்த வெளிச்சம் வெயில் ஆகாது என்பதையும், டேலைட் மந்திரத்தின் வெளிச்சமும் 2014 விதியில் வெயில் ஆகாது என்பதையும் கூட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எங்கள் மந்திரவாதி ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட்டை அப்படித்தான் தொலைத்தார். வெள்ளி பூசிய போல்ட் ஒன்பது என்னிடம் பாக்கி இருக்கிறது. யார் மேஜையிலாவது ஓநாய் மனிதன் வந்தால் சொல்லுங்கள், விதிப்படி பாதி விலை.