ஒன்பதா, பத்தா: மலைநாட்டில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்தக் கம்பி?

ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு கோவில் திருவிழா, கல்யாண வீடு, ஆலய ஆராதனை என்று எல்லா மேடைக்கும் போகிறவர்களுக்கு என் சிபாரிசு 10–46 செட்தான். வீட்டில் பழகுகிறவர்களுக்கும், லீட் வாசிப்பே உயிர் என்றிருப்பவர்களுக்கும் 9–42 போதும். சில இடங்களில் அதுவே மேல். வாங்கும்போது பலரும் விரலுக்கு எது சுகம் என்று மட்டும் பார்க்கிறார்கள். கம்பியை மாற்றினால் கிட்டாரில் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்று பார்ப்பவர்கள் குறைவு. இந்த அலசலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எண்கள் எல்லாம் கம்பியின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 9 செட்டில் கம்பிகள் 9, 11, 16, 24, 32, 42. 10 செட்டில் 10, 13, 17, 26, 36, 46. முதலாம் கம்பியில் வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஆனால் இழுவிசை கம்பியின் குறுக்குப் பரப்போடு கூடுகிறது. 9க்கும் 10க்கும் இடையில் அந்தப் பரப்பு 23 சதவீதம் ஏறிவிடுகிறது. ஃபெண்டர் வகைக் கிட்டாரில், அதாவது 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்), வழக்கமான சுருதியில் முதலாம் கம்பியின் இழுவை 9 என்றால் சுமார் 5.9 கிலோ, 10 என்றால் சுமார் 7.3 கிலோ. ஆறு கம்பியும் சேர்ந்தால் 9 செட் கழுத்தை 38 கிலோ சொச்சத்துக்கு இழுக்கும், 10 செட் 46 கிலோவுக்கு மேல். இந்த எட்டுக் கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

9 செட்டின் நன்மையைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. பெண்ட் செய்வது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது) இலகு, விரல் நுனி சீக்கிரம் புண்ணாகாது, நுவரெலியாவில் தை மாதத்து இரவில் விரல் விறைத்திருக்கும்போது அந்த இலகு பெரிய உதவி. ஒரு ஸ்வரம் ஏற்றுவதற்குக் கம்பியைத் தள்ள வேண்டிய தூரம் 9க்கும் 10க்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது தள்ளும் பலம் மட்டுமே. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைகளும் அதைப் பார்த்துச் செய்யப்படும் மலிவான கிட்டார்களும் பெரும்பாலும் 9 செட்டோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. ஆகவே ஒன்றையும் தொடாமல் வாசிக்கலாம் என்பதும் அதன் பக்கம் நிற்கும் நியாயம்.

10 செட்டின் பலம் வலது கையில் தெரியும். பைலாவுக்கோ குத்துப்பாட்டுக்கோ பிக்கால் ஓங்கி அடிக்கும்போது தளர்ந்த கம்பி அகலமாக ஆடுகிறது. ஆடும் அந்தக் கணத்தில் அதன் சுருதி மேலே ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். ஆறாம் கம்பியில் இது நன்றாகக் கேட்கும். மேடையில் தன் சத்தம் தனக்கே சரியாகக் கேட்காத வாசிப்பாளர் இன்னும் பலமாக அடிப்பார், இன்னும் பிசகும். கோர்ட் பிடிக்கும் இடது கையும் அப்படித்தான்: பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால் 9 செட் உடனே சுருதி தாண்டும், 10 செட் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தபேலாவும் கீபோர்டும் சுருதியில் நிற்கும்போது கிட்டார் மட்டும் அரைக்கால் விலகி நிற்பது கேட்பவர் காதில் உறுத்தும். ஆறாம் கம்பியை ஒரு ஸ்வரம் இறக்கி வாசிக்கும் பாட்டுகளில் 42 தொளதொளவென்று ஃப்ரெட்டில் தட்டும், 46 தாங்கும். ஒலியும் கொஞ்சம் கனமாக வரும், ஆனால் அந்த வித்தியாசத்தை ஆம்பின் ஒரு குமிழைத் திருப்பியே கொண்டுவந்துவிடலாம். அதற்காக மட்டும் யாரும் மாற வேண்டாம்.

தடித்த கம்பி அறாது என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் சரி. ஒரே ஸ்கேலில் ஒரே சுருதிக்கு ஏற்றிய, சுற்றில்லாத வெறும் எஃகுக் கம்பி, 9 ஆனாலும் 10 ஆனாலும், தன் பருமனுக்கு ஏற்ற அளவில் ஒரே அழுத்தத்தைத்தான் தாங்குகிறது. இழுவை கூடுகிறது, அதைத் தாங்கும் இரும்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. அடிக்கடி ஒரே இடத்தில் கம்பி அறுகிறது என்றால் பிரிட்ஜ் சாடிலில் (உடல் பக்கம் கம்பி உட்காரும் துண்டு) ஒரு பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். நைசான உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் 9ம் நிற்கும்.

குளிரில் சுருதி ஏறுவதும் அதே மாதிரி, இரண்டு செட்டுக்கும் பொது. அறைக்குள்ளிருந்து பத்துப் பாகை குளிர்ந்த மேடைக்கு வந்தால் எஃகு சுருங்கிச் சுருதி ஏறும். அதிகம் ஏறுவது சுற்றில்லாத மூன்றாம் கம்பி, ஏனென்றால் வெறும் கம்பிகளில் அதில்தான் அழுத்தம் குறைவு. உறையிலிருந்து கிட்டாரை எடுத்து மேடைக் காற்றில் கால் மணி நேரம் வைத்த பிறகு ட்யூன் பண்ணுங்கள். கேஜை, அதாவது கம்பிப் பருமனை, மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

இனி அந்த எட்டுக் கிலோ. 9க்குப் பூட்டிய கிட்டாரில் 10ஐ மாட்டிவிட்டு அப்படியே வாசித்தால் நாலு இடத்தில் பிசகும். கண்டிக்கோ கொழும்புக்கோ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான், ஆனால் வரிசை தவறக் கூடாது.

முதலில் பிரிட்ஜ். ட்ரெமோலோ (கைப்பிடியால் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் அமைப்பு) உள்ள கிட்டாரில் முன்னால் கம்பிகள் இழுக்க, பின்னால் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. கம்பிப் பக்கம் பலம் கூடியதும் பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், கம்பி உயரும், எல்லாச் சுருதியும் கெடும். பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் சமமாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக உள்ளே முறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மறுபடி ட்யூன் பண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்ஜின் பின் ஓரத்துக்கும் உடலுக்கும் இடையில் 3 மில்லிமீட்டர் இடைவெளி ஃபெண்டரின் வழக்கமான அளவு. மூன்று ஸ்பிரிங்கால் அதற்கு வராவிட்டால் நான்காவதைப் போடுங்கள். ட்ரெமோலோ கைப்பிடியையே தொடாதவர்கள் பிரிட்ஜ் உடலில் படியும்வரை முறுக்கி நிறுத்திவிடலாம். மேடையில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும். ரிதம் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

அடுத்தது கழுத்து. கூடிய இழுவையில் கழுத்து முன்பக்கம் வளையும். ஒன்றாம் ஃப்ரெட்டில் கேப்போவை (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். எட்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் 0.25 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அளக்க ஃபீலர் கேஜ் தேவையில்லை. புதுக் கம்பி மாட்டி வெட்டிய முதலாம் கம்பியின் நுனித் துண்டு கையில் இருக்கும். 10 என்றால் அது சரியாக 0.25 மில்லிமீட்டர். அந்தத் துண்டு இடைவெளியில் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். ஆறாம் கம்பியைத் தூக்காமல் லேசாகப் போய்விட்டால் வளைவு அதிகம். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி ட்யூன் பண்ணி, ஓர் இரவு விட்டு அளந்து பாருங்கள். கால் சுற்றுக்கே அலன் கீ கடினமாக நின்றால் பலம் போடாதீர்கள். ராடின் முனையிலுள்ள திருகு நட்டின் மரை போனால் கழுத்தே போன மாதிரி.

மூன்றாவது, பலரும் கவனிக்காமல் விடும் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை. 42க்கு வெட்டிய பள்ளத்தில் 46 இறுகி உட்காரும். ட்யூன் பண்ணும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதிக்கிறதா, அதுதான் அடையாளம். பெண்ட் செய்துவிட்டுத் திரும்பினால் கம்பி பழைய இடத்துக்கு வராது. 10 செட் சுருதி நிற்காது என்று குறை சொல்கிறவர்கள் பலரின் கிட்டாரில் கோளாறு இங்கேதான் இருக்கும். பழைய 46 கம்பியின் ஒரு துண்டை எடுத்துப் பள்ளத்தில் அரம்போல முன்னும் பின்னும் இழுங்கள். சுற்றுக் கம்பியின் வரிகள் பிளாஸ்டிக்கையும் எலும்பையும் அறுக்கும். பக்கச் சுவரைத் தேயுங்கள், அடியை விடுங்கள். அடி தேய்ந்தால் விரலால் அழுத்தாத கம்பி ஒன்றாம் ஃப்ரெட்டில் தட்டும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். சோதனை இது: மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஒன்றாம் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி தெரிய வேண்டும். கடைசியில் 2பி பென்சிலால் பள்ளத்தில் நாலு கோடு.

நான்காவது இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்பது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். புதுக் கம்பியில் மட்டும் பாருங்கள். துருப்பிடித்த கம்பி பொய் சொல்லும்.

இந்த நாலு வேலையும் ஒரே ஒரு தடவைதான். பிறகு ஒவ்வொரு முறையும் அதே 10–46 மாட்டினால் கிட்டார் நிலைத்து நிற்கும். கடையில் 10 இல்லை என்று இந்த மாதம் 9ம், அடுத்த மாதம் 10ம் மாட்டுவதுதான் மிகக் கெட்ட தெரிவு, எந்தக் கேஜையும்விட. ஆகவே மூன்று செட்டாவது சேர்த்து வாங்கி வையுங்கள். எர்னி பாலின் ரெகுலர் ஸ்லிங்கி, டடாரியோவின் 10–46 இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றலாம், செட்-அப் அசையாது.

எந்தக் கேஜ் ஆனாலும் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை கம்பியைத் தின்னும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் சுவரே வியர்க்கும். வெளிச்சுவரில் கிட்டாரைத் தொங்கவிட வேண்டாம், விறகடுப்புப் புகை வரும் அறையிலும் வேண்டாம். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் கிள்ளித் துடைத்து, உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். எலிக்ஸர் போன்ற பூச்சுள்ள கம்பி இரண்டு மூன்று மடங்கு விலை, ஆனால் இந்தச் சரிவில் அந்தக் காசு வீணில்லை. கிழக்கே ஊவாப் பக்கம் கதை தலைகீழ்: அதே மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளையில் காய்ந்த காற்று அடிக்கும், மரம் சுருங்கும், ஃப்ரெட் முனைகள் கழுத்தோரத்தில் கையைக் கீறும். அங்கே பூச்சில்லாத கம்பியே தாராளம். ஆனால் வருடத்தில் இரண்டு தடவை, காற்று மாறும் நேரங்களில், அந்த 0.25ஐ அளந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் போய் வாசிக்கும் குழுக்களுக்கு இது கட்டாயம்.

கிப்சன் வகைக் குறுகிய ஸ்கேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், 10தான். 24.75 அங்குலத்தில் இழுவை 6 சதவீதம் குறைவதால் அதே 10 கைக்கு மென்மையாக இருக்கும். 25.5 கிட்டாரில் 10 கடினமாகத் தோன்றினால் பாடகருக்காக அரை ஸ்வரம் இறக்கி வாசியுங்கள், இழுவை 11 சதவீதம் குறையும். மெல்லிய மூன்று கம்பி 9 செட்டிலிருந்தும் தடித்த மூன்று 10 செட்டிலிருந்தும் வரும் 9–46 கலப்பு செட், லீடும் ரிதமும் ஒருவரே வாசிக்கும் சின்னக் குழுவுக்குப் பொருந்தும். ஆனால் மலைநாட்டுக் கடைகளில் தேடித்தான் எடுக்க வேண்டும். 11 செட் இன்னும் கீழே இறக்கி வாசிப்பவர்களுக்கு. ஃப்ளாய்ட் ரோஸ் (கம்பிகளைப் பூட்டி வைக்கும் ட்ரெமோலோ) பூட்டிய கிட்டாரைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குப் பழக்கம் போதாது. அதில் வந்த கேஜையே தொடர்வது பாதுகாப்பு என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

செட் வாங்கும்போது தனி 10 கம்பி நாலைந்தும் கேளுங்கள். முதலில் அறுவது பெரும்பாலும் அதுதான், அதற்காக ஒரு முழு செட்டைப் பிரிக்கத் தேவையில்லை. மாட்டும்போது வெறும் கம்பிக்கு ஆணியில் மூன்று நான்கு சுற்று, சுற்றுக் கம்பிக்கு இரண்டு மூன்று. மாட்டியதும் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே மெல்லத் தூக்கி இழுத்து மறுபடி ட்யூன் பண்ணுங்கள், சுருதி இறங்காமல் நிற்கும் வரை. திருவிழாவுக்கு முதல் நாள் இரவே இதை முடித்துவிடுங்கள்.